வருமான நிரலில் 61 வெற்றுக் கட்டங்கள்: இடையைப் போட்டு நிரப்பலாமா?

கேள்வி: யூன் 3, 2025, பிற்பகல் 4.15

இறுதியாண்டு ஆய்வறிக்கைக்காக யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் 240 வீடுகளில் வாழ்வாதாரம் பற்றிக் கேட்டு எழுதினேன். மொத்த மாத வருமானம் என்ற நிரலில் 61 வீடுகளுக்கு ஒன்றும் இல்லை. மற்ற 179 வீடுகளின் இடையை, அதாவது சராசரியை, கணித்து அந்த 61 கட்டங்களிலும் போட்டுவிடு என்கிறார்கள் நண்பர்கள். இடை மாறாது, மாதிரியின் அளவும் குறையாது. இதில் பிழை ஏதும் உண்டா, அக்கா?

யூன் 3, இரவு 9.40

உண்டு, தம்பி. செய்ய வேண்டாம்.

ஐந்து வீடுகளின் வருமானம் ஆயிரம் ரூபாய்க் கணக்கில் 20, 30, 40, 50, 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடை 40. எண்கள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று காட்டும் நியம விலகல் சுமார் 15.8. பதில் சொல்லாத மூன்று வீடுகளுக்கு இப்போது 40, 40, 40 என்று எழுதுங்கள். இடை அதே 40தான். நியம விலகலோ 12க்கு இறங்கிவிடுகிறது. ஏழையுமில்லாத, வசதியுமில்லாத மூன்று வீடுகளை நீங்களே கட்டி நடுவில் குடியிருத்திவிட்டீர்கள். அதற்குப் பிறகு, உண்மையான இடை எதிலிருந்து எதற்குள் இருக்கும் என்று சொல்லும் நம்பிக்கை ஆயிடை ஒடுங்கும், வருமானத்துக்கும் கல்விக்கும் உள்ள இணைபு மங்கும். பேசியவர்கள் 179 பேர். அறிக்கையோ 240 பேரும் பேசியதாகச் சொல்லும்.

இடை மாறாது என்பதை நன்மையாக எழுதியிருக்கிறீர்கள். சொல்லாத 61 வீடும் சொன்ன 179 வீட்டைப் போலவே இருந்தால்தான் அது நன்மை. அந்த 61 பேர் யார்? எந்தக் கிராம அலுவலர் பிரிவு, போய்க் கேட்டது யார், என்ன நேரம், வீட்டில் பதில் சொன்னது யார்? முதலில் அதைப் பாருங்கள். நிரப்புவதைப் பிறகு பேசலாம்.

யூன் 3, இரவு 10.05

எந்த மென்பொருள் என்று கேட்க மறந்துவிட்டேன். ஸ்டேட்டா என்றால் இன்றிரவே ஒன்றைச் சரிபாருங்கள். அதில் வெற்றுப் பெறுமானம் எல்லா எண்களையும்விடப் பெரியதாகக் கொள்ளப்படும். வருமானம் 50,000க்கு மேற்பட்டவர்களைத் தேர்ந்தெடு என்று கட்டளை எழுதினால், பதில் சொல்லாத 61 வீடும் வசதியானவர்களோடு போய்ச் சேர்ந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது.

யூன் 4, காலை 6.20

எஸ்பிஎஸ்எஸ் என்கிறீர்கள். எக்ஸெலில் பதிந்தவர்கள் மூன்று பேர் என்றும், ஒருவர் வெறுமையாக விட்டார், ஒருவர் 0 போட்டார், ஒருவர் 99 போட்டார் என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் 61 என்ற எண்ணையே இன்னும் நம்ப முடியாது. எக்ஸெல் இடை காணும்போது வெற்றுக் கட்டத்தைத் தாண்டிப் போகும். 0 இருந்தால் அதையும் ஒரு வருமானமாகச் சேர்த்துக்கொள்ளும். 99 இருந்தால் மாதம் 99 ரூபாய் உழைக்கும் வீடு ஒன்று உருவாகும். கடதாசி வினாக்கொத்துகள் கையில் இருக்கின்றன அல்லவா? கட்டை அவிழ்த்து, 0 என்றும் 99 என்றும் இருக்கும் ஒவ்வொரு நிரையையும் கடதாசியோடு ஒப்பிடுங்கள்.

99 என்றதும் எனக்குக் கோப்பாய்ப் பக்கத்து ஆச்சி ஒருவர் நினைவுக்கு வருகிறார். பல வருடங்களுக்கு முன்னர் நான் வீடு வீடாகப் போய் எழுதிக்கொண்டிருந்த காலம். வயதைக் கேட்டதும் கொட்டப்பெட்டியைத் திறந்து, வெற்றிலைக்குக் கீழே பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். 99. என் கையாலேயே எழுதினேன். மூத்த மகன் பிறந்த நட்சத்திரத்தைக்கூடச் சொன்னவர் அவர். ஆறு மாதம் கழித்துத் தரவு அட்டவணையைப் பார்த்தால், அந்த நிரையில் அவர் வயது தெரியாதவர். வயது தெரியாவிட்டால் 99 என்று குறியீடு வைத்திருந்தார்கள். அந்த ஆய்வில் மிக மூத்தவரைக் குறியீடு தின்றுவிட்டது.

வயதுக்கும் வருமானத்துக்கும் வர முடியாத எண்ணைத்தான் குறியீடாக வைக்க வேண்டும். நான் வைத்துக்கொள்வது இப்படி: -5 பக்கம் இல்லை அல்லது எழுத்துத் தெரியவில்லை, -7 இந்த வீட்டுக்குப் பொருந்தாது, -8 தெரியாது என்றார், -9 சொல்ல விரும்பவில்லை. இவற்றை வெற்றுப் பெறுமானங்கள் என்று எஸ்பிஎஸ்எஸ்ஸுக்கு நீங்கள்தான் அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் -9 உம் இடைக்குள் போய்விடும். தனித்தனியாக மூன்று குறியீடுகளைத்தான் அது ஏற்கும். அதற்கு மேல் இருந்தால் -9 முதல் -5 வரை என்று வீச்சாகக் கொடுங்கள்.

யூன் 4, மதியம் 1.10

மொத்த வருமானம் என்பது நேரே கேட்ட கேள்வியா, கூட்டி வந்ததா?

யூன் 4, இரவு 8.30

சம்பளமும் கூலியும், தோட்டம், அரச உதவி, வெளிநாட்டிலிருந்து வருவது என்று நான்கையும் கூட்டியதாகச் சொல்கிறீர்கள். எப்படிக் கூட்டினீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எஸ்பிஎஸ்எஸ்ஸில் நான்கு நிரல்களையும் கூட்டல் குறி போட்டுக் கூட்டினால், ஒன்று வெற்றானாலும் மொத்தம் வெற்றாகும். கூட்டும் சார்பைப் பயன்படுத்தினாலோ இருப்பதை மட்டும் கூட்டித் தரும். வெளிநாட்டுப் பணம் வெற்றாக இருக்கும் வீட்டுக்கு அது பூச்சியமாகிவிடும். இரண்டாவது வழி ஆபத்தானது, ஏனென்றால் வெற்றே கண்ணில் படாது. ஒரு தொண்டு நிறுவனத்தின் பயனாளிப் பட்டியல் இப்படித் தயாரானதை நான் பார்த்திருக்கிறேன். மாதாமாதம் வெளிநாட்டுக் காசில் நடக்கும் வீடுகள் மிக வறிய வீடுகளின் வரிசையில் நின்றன. கூலிக்குப் போய் வந்து, கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்ன வீடுகள் அவற்றுக்குக் கீழே தள்ளப்பட்டன. பட்டியல் சனசமூக நிலையத்தில் ஒட்டப்பட்ட அன்று, அந்தக் கூலி வீட்டுப் பெண் ஒருவர் எதிரே நின்று தன் பெயரைத் தேடினார். விரலை மேலிருந்து கீழே கொண்டுபோய், மறுபடி மேலிருந்து தொடங்கினார். அது என் மனதை விட்டுப் போகவில்லை.

நீங்கள் கூட்டல் குறி போட்டிருக்கிறீர்கள். நல்லது. அந்த 61 வீடுகளிலும் நான்கில் எது வெற்று என்று பிரித்துப் பாருங்கள்.

யூன் 5, இரவு 9.15

எண்ணிக்கைக்கு நன்றி. 61இல் 44 வீடுகளில் வெளிநாட்டுப் பணம் மட்டும் வெற்று. 9 வீடுகளில் பக்கம் முழுவதும் இல்லை. 8 மீன்பிடிக் குடும்பங்கள். உழைப்புக்கு எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை.

நேற்று முன்தினம் உங்கள் கையில் 61 வெற்றுகள் இருந்தன. இன்று மூன்று வேறு விடயங்கள் இருக்கின்றன. 44 வீடுகளின் வருமானத்தில் நான்கு பகுதிகளில் மூன்றின் விபரம் உங்களுக்குத் தெரியும். இடையைப் போட்டிருந்தால் அதையெல்லாம் அழித்திருப்பீர்கள்.

புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976இல் எழுதிய கட்டுரை ஒன்று வெற்றுகளை மூன்று வகையாகப் பிரித்தது. இன்றுவரை எல்லோரும் அந்தப் பிரிப்பின் மேல்தான் நிற்கிறோம். பாடக் குறிப்பில் படித்திருப்பீர்கள். நம் ஊரில் வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் 9 வீடுகள். மழையில் பை நனைந்து கடைசிப் பக்கங்கள் கிழிந்தன என்றீர்கள். யாருடைய பக்கம் கிழியும் என்பதற்கும் அவர்களின் வருமானத்துக்கும் தொடர்பில்லை. இது முழுதும் எழுமாறான, அதாவது தற்செயலான, வெற்று. இழப்பு, ஆனால் பக்கச்சாய்வு இல்லை.

இரண்டாவது வகைக்கு நெடுந்தீவு. சோழகக் காற்று மூர்க்கமாக வீசிய நாட்களில் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்காக நின்று திரும்பி வந்திருக்கிறேன். அந்த ஆய்வில் தீவு வீடுகளுக்கு வெற்று அதிகம், பட்டண வீடுகளுக்குக் குறைவு. ஆனால் எது தீவு வீடு, எந்த மாதம் என்பதெல்லாம் தரவிலேயே இருக்கிறது. அவற்றைக் கணக்கில் எடுத்துவிட்டால் மிச்ச வெற்று எழுமாறானது என்று கொள்ளலாம். நிரப்பும் முறைகளில் பெரும்பாலானவை இந்த வகையை நம்பித்தான் செய்யப்பட்டவை.

மூன்றாவது உங்கள் 44. வெற்றாக இருப்பதற்குக் காரணமே அந்தக் கட்டத்துக்குள் இருக்க வேண்டிய எண். வங்கிக்கு வெளியே, ஆள் மூலம் உண்டியலில் வருகிற காசைப் படலையடியில் நின்று அந்நியர் ஒருவருக்கு யார் சொல்வார்? கூட வருவதால் மறைக்கிறார்கள். ஆகவே இந்த 44 வீடுகளும் சொன்ன வீடுகளைவிட வசதியானவை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எந்த வகை என்று சோதிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ரொட்ரிக் லிட்டில் 1988இல் தந்த சோதனை முதல் வகை அல்ல என்று காட்டக்கூடும். இரண்டாவதா மூன்றாவதா என்பதைத் தரவுக்குள்ளிருந்து எந்தச் சோதனையும் சொல்லாது. அதற்குத் தேவையான எண்தான் வெற்றாக இருக்கிறதே.

யூன் 5, இரவு 9.50

மீனவர் வீடு எட்டும் வேறு கதை. அங்கே பதில் இல்லாமல் போனதற்குக் கேள்விதான் காரணம். இரவு கடலுக்குப் போய்க் காலையில் கரைக்கு வந்து, வலையைத் தட்டி முடித்து நித்திரைக்குப் போகிறவரிடம் பத்து மணிக்குப் போய் மாத வருமானம் எவ்வளவு என்றால் என்ன சொல்வார்? குருநகரில் ஒருவர் என்னிடம் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒரு நாள் வள்ளம் நிறையும், மறுநாள் எண்ணெய்க் காசும் தேறாது. கடைசியாகக் கடலுக்குப் போன மூன்று நாட்களைத் தனித்தனியாகக் கேளுங்கள், மாதத்தில் எத்தனை நாள் போக முடிந்தது என்று கேளுங்கள், தொகை வந்துவிடும். எட்டு வீடுகள்தானே. நேரில் போய்வாருங்கள்.

யூன் 6, காலை 5.50

வெற்றுள்ள நிரைகளை நீக்கிவிட்டால் முடிந்தது, இவ்வளவு ஏன் என்று வேறொருவர் எழுதியிருக்கிறார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து மாறிகள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு ஐந்து வெற்று, ஒன்றோடொன்று தொடர்பில்லாமல். பத்திலும் முழுமையான நிரைகள் நூற்றுக்கு 60தான் மிஞ்சும். 240 வீடுகளில் 96 வீட்டுக்கு நடந்த நடை வீண். அவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்து தந்த நேரமும் வீண். மிஞ்சுகிற 144 வீடுகள் யார்? எதையும் மறைக்கத் தேவையில்லாதவர்கள், நாங்கள் போன நேரத்தில் வீட்டில் இருந்தவர்கள். நிரையை நீக்குவது எப்போதும் பிழை.

யூன் 7, இரவு 11.20

நிரப்பவே கூடாத கட்டமும் உண்டு. இதை எழுதாமல் மேலே போக முடியவில்லை.

ஒரு வினாக்கொத்தில் திருமண நிலை என்ற கேள்விக்கு ஐந்து விடைகள் அச்சடித்திருந்தார்கள்: திருமணமானவர், திருமணமாகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்தானவர், பிரிந்து வாழ்பவர். அந்த வீட்டு அம்மா என் கையிலிருந்து எழுதும் பலகையை வாங்கி ஐந்தையும் இரண்டு தரம் வாசித்தார். சுவரில் கணவரின் படம் இருந்தது. மாலை இல்லை, பொட்டு இல்லை. அந்த அம்மாவின் நெற்றியில் குங்குமம் இருந்தது. பலகையைத் திருப்பித் தந்து, "இதை விட்டுவிடுங்கள் பிள்ளை" என்றார். விட்டுவிட்டேன். ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை.

அலுவலகத்தில் தரவைத் துப்புரவாக்கியபோது விதி ஒன்று வைத்தார்கள். குடும்பத் தலைவர் பெண், வீட்டில் கணவர் இல்லை, திருமண நிலை வெற்று என்றால் துணையை இழந்தவர் என்று நிரப்பு. கணினி ஒரு நொடியில் நிரப்பியது. அந்த அம்மாவை விதவை என்று எழுத ஒரு விரிதாள் விதிக்கு என்ன உரிமை? நாட்டின் சட்டமே பிற்பாடு அந்த இடத்தைத் தனியாக ஏற்றுக்கொண்டது. காணாமற்போனவர்களின் குடும்பத்துக்கு இறப்புச் சான்றிதழ்தான் என்றில்லாமல், காணவில்லை என்பதற்கே ஒரு சான்றிதழ் வழங்க 2016இல் வழி செய்தார்கள். நான் சண்டை பிடித்தேன், அந்த நிரல் திருப்பி வெற்றாக்கப்பட்டது. அடுத்த அச்சில் ஆறாவது விடையாகத் துணைவர் காணாமல் ஆக்கப்பட்டவர் என்பதையும் சேர்த்தோம்.

தம்பி, உங்கள் தரவில் அந்தக் கேள்வி இருந்தால் வெற்றை வெற்றாகவே வைத்திருங்கள்.

யூன் 8, மாலை 6.00

ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார்: ஒரு மாவட்டமே கணக்கில் வெற்றாக இருந்தபோது யார் கவலைப்பட்டார்கள் என்று. கேள்வி நியாயமானது. 1981இல் நடந்த குடிசன மதிப்பில் யாழ். மாவட்டத்தில் 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் (கிளிநொச்சி அப்போது இந்த மாவட்டத்துக்குள் இருந்தது). 1991இல் நாட்டில் எங்கும் மதிப்பு நடக்கவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணம் அவற்றுள் இல்லை. நாடு முழுவதும் மறுபடி எண்ணப்பட்டது 2012இல். யாழ். மாவட்டத்தில் 6 லட்சத்துக்கும் குறைவு. வீட்டு வருமான, செலவின ஆய்விலும் இதே கதைதான்: 2006/07இல் வடமாகாணம் இல்லை, 2009/10இல் யாழ்ப்பாணம் உண்டு ஆனால் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு இல்லை, 2012/13இல்தான் எல்லா மாவட்டங்களும் வந்தன.

ஆகவே வறுமை வீதம் இத்தனையிலிருந்து இத்தனைக்கு இறங்கியது என்று யாராவது நாடு முழுவதற்குமாகக் கோடு இழுத்தால், கோட்டின் தொடக்கத்தில் எந்த மாவட்டங்கள் இருந்தன என்று பாருங்கள். இந்த வெற்றுகளையும் மதிப்பீடுகளால் நிரப்பத்தான் செய்தார்கள். மதிப்பீடு என்று அட்டவணையின் அடியில் எழுதினால் குறையில்லை. பிரதி எடுக்கும்போது முதலில் காணாமல் போவது அந்த அடிக்குறிப்புத்தான்.

யூன் 9, காலை 6.10

6ஆம் தேதிக் குறிப்பைத் திருத்த வேண்டும். நிரையை நீக்குவது எப்போதும் பிழை என்று எழுதியது மிகை. வருமானத்தைக் கல்வி, காணி, பிரிவு ஆகியவற்றால் விளக்கும் பிற்செலவுச் சமன்பாடு (regression) ஒன்றைப் போடுகிறீர்கள் என்றால், வெற்றாவது அந்த விளக்கும் மாறிகளை மட்டும் சார்ந்திருக்கும்வரை, முழுமையான நிரைகளை வைத்துக் கணித்த குணகங்கள் பக்கம் சாயாது. வழு பெரிதாகும், அவ்வளவுதான். விளைவு மாறியையே, அதாவது வருமானத்தையே, சார்ந்து வெற்றானால்தான் சாயும். எழுதிய அன்று ஆத்திரத்தில் இருந்தேன்.

யூன் 9, இரவு 10.40

இன்னொரு திருத்தம். இது பெரியது.

5ஆம் தேதி, கூட வருவதால் மறைக்கிறார்கள், ஆகவே 44 வீடும் வசதியானவை என்று எழுதினேன். நான்கு நாளாக அது உறுத்துகிறது. நான் போன வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

ஊரெழுவில் ஒரு வீடு. புதுத் தரைஓடு பதித்த விறாந்தை, வாசலில் செருப்பைக் கழற்றியதும் காலில் குளிர்ந்தது. "பிள்ளை ஏதோ அனுப்புவான்" என்றார் தாய். எவ்வளவு என்று சொல்லவில்லை. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் உள்ளே போனதும் தாய் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: கனடாவிலிருக்கும் மருமகளுக்குத் தெரியாமல் மகன் அனுப்புகிறான். தொகை பெரிதல்ல. அவர் காத்தது மகனின் குடும்பத்தை.

இன்னொரு வீட்டிலும் அதே சொல்: "பிள்ளை ஏதோ அனுப்புவான்." அங்கே குசினிப் புகைபோக்கி பாதி கட்டி நின்றது; அரிந்து அடுக்கிய கற்களில் பாசி பிடித்திருந்தது. மகன் அனுப்புவதை நிறுத்தி இரண்டு வருடம். அதைச் சொன்னால் மகன் கைவிட்டுவிட்டான் என்று ஊர் சொல்லும். அதனால் ஏதோ அனுப்புவான்.

2023இல் அரசின் நலன்புரி உதவித் திட்டமான அஸ்வெசும வந்த பின்னர் உதவி வெட்டுப்படும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. ஆக, கூட வருவதால் சொல்லாதவர்கள் உண்டு. ஒன்றுமே வராததால் சொல்லாதவர்களும் உண்டு. வெற்று ஒன்றுதான், உள்ளே இருக்கும் எண்கள் எதிர்எதிர்த் திசையில் கிடக்கின்றன. 44ஐயும் ஒரே பக்கம் தூக்கிவிடச் சொன்ன என் ஆலோசனை பிழை.

யூன் 10, இரவு 9.00

ஆகவே திரும்பிப் போங்கள். 44க்கும் போகத் தேவையில்லை. மொரிஸ் ஹான்சனும் வில்லியம் ஹர்விட்ஸும் 1946இலேயே இதற்கு வழி எழுதினார்கள். பதில் வராதவர்களிலிருந்து ஒரு சிறு மாதிரியை எழுமாறாக எடு. அவர்களிடம் முழு முயற்சியோடு நேரில் போ. அவர்கள் தரும் பதிலைப் பதில் தராத எல்லோருக்குமாக நிறையிட்டு, அதாவது ஒருவர் பதில் பலருக்காக நிற்கும்படி பெருக்கி, சேர். உங்கள் 44இலிருந்து சீட்டுக் குலுக்கி 12 எடுங்கள். வசதியான 12 வேண்டாம், சீட்டில் வந்த 12.

தொகையைக் கேட்க வேண்டாம். கடைசியாக எப்போது வந்தது என்று தொடங்குங்கள். பிறகு 25,000க்கு மேலா கீழா என்று கேளுங்கள். மேல் என்றால் 50,000க்கு மேலா கீழா. இப்படி வகுப்பு வகுப்பாகக் கேட்கும் முறையை அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய முதியோர் ஆய்வில் பெருமளவில் பயன்படுத்தினார்கள். எண் சொல்ல மாட்டேன் என்பவர்களில் பலர் மேல், கீழ் என்று சொல்வார்கள். வேலியோரம் நின்று கேட்காதீர்கள். பொழுதுபட முன்னர் போங்கள். தேநீர் தந்தால் குடித்துவிட்டுக் கேளுங்கள்.

யூன் 12, மாலை 5.30

போவதற்கிடையில் நிரப்பும் முறையைக் கேட்டிருக்கிறீர்கள். நீளமாக எழுதுகிறேன்.

ஒரு வெற்றுக்கு ஓர் எண்ணை எழுதினால் அது சரியான எண் என்று பாசாங்கு செய்கிறோம். ரூபின் 1987இல் புத்தகமாகத் தந்த வழி வேறு. ஒவ்வொரு வெற்றுக்கும் பல எண்களை எழுது. ஒவ்வொரு தொகுதியையும் முழுத் தரவாக வைத்துத் தனித்தனியாகக் கணி. கடைசியில் விடைகளைச் சேர். சேர்க்கும்போது இரண்டு மாறற்றிறன்கள் (நியம விலகலின் வர்க்கம்) வரும். ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் இருக்கும் வழக்கமான மாறற்றிறனின் சராசரி ஒன்று. தொகுதிக்குத் தொகுதி விடை எவ்வளவு ஆடுகிறது என்பது மற்றது. m தொகுதிகள் என்றால், இரண்டாவதை 1 + 1/m ஆல் பெருக்கி முதலாவதோடு கூட்ட வேண்டும். அந்த இரண்டாவது பகுதிதான் எங்களுக்குத் தெரியாததன் அளவு. இடையைப் போட்டு நிரப்பினால் அது பூச்சியமாகிவிடும்.

எஸ்பிஎஸ்எஸ்ஸில் இது தனி இணைப்பு. உங்கள் கணினியில் இல்லாவிட்டால் ஆர் (R) என்ற மென்பொருள் இலவசம். ஸ்டெஃப் வான் பியூரன் குழுவினரின் மைஸ் என்ற தொகுப்பு இதற்கென்றே இருக்கிறது. அதில் எண்களுக்கான வழக்கமான முறை, கணித்த பெறுமானம் நெருங்கிவரும் உண்மையான வீடுகளைத் தேடி, அவற்றில் ஒன்றின் உண்மையான பதிலைக் கடன் வாங்குவது. வெளிநாட்டுப் பணத்துக்கு இது பொருந்தும். பல வீடுகளில் அது உண்மையாகவே 0, சிலவற்றில் பெரிய தொகை. நேர்கோட்டுச் சமன்பாட்டால் நிரப்பினால் மறை எண்கூட வரும். கடன் வாங்கினால் ஏதோவொரு வீட்டில் உண்மையில் இருந்த எண்தான் வரும்.

மூன்று இடத்தில் வழுக்குவார்கள். மொத்தத்தை நிரப்பாதீர்கள், வெளிநாட்டுப் பணம் என்ற பகுதியை நிரப்பி, பிறகு கூட்டுங்கள். நிரப்பும் மாதிரியுருவில் விளைவு மாறியையும் சேருங்கள். அதை விட்டுவிட்டால் நீங்கள் தேடுகிற தொடர்பையே நிரப்பல் மெலியச் செய்யும். வெளிநாட்டில் உறவினர் யாரும் இல்லை என்ற வீட்டுக்கு -7 இருக்க வேண்டும். அங்கே நிரப்ப ஒன்றுமில்லை.

ஐந்து தொகுதி போதும்.

யூன் 12, இரவு 10.15

ஐந்து போதும் என்றது பழைய கணக்கு. விடுபட்ட தகவலின் பங்கு நூற்றுக்கு 30 என்றால் ஐந்து தொகுதியிலேயே வினைத்திறன் சுமார் 94 சதவீதம் வரும். அதனால் அப்படிச் சொல்லிவந்தார்கள். ஆனால் விடை எவ்வளவு தடுமாறும் என்று காட்டும் நியம வழுவும் நம்பிக்கை ஆயிடையும் மறுபடி ஓட்டும்போது மாறாமல் வர வேண்டுமானால், நூற்றுக்கு எத்தனை நிரைகள் குறையோ அத்தனை தொகுதியாவது வேண்டும் என்பது இப்போதைய வழக்கு. உங்களுக்கு நூற்றுக்கு 25. 30 தொகுதி வையுங்கள். மென்பொருள் எழுமாற்று எண்களைத் தொடங்கும் தொடக்க எண்ணைக் குறித்து வையுங்கள், பரிசோதகர் கேட்டால் அதே விடையை எடுத்துக் காட்டலாம்.

யூன் 13, காலை 7.00

117ஆம் வீட்டில் காணி 4 என்றும், தோட்ட வருமானம் மற்றவர்களைவிடப் பல மடங்கு குறைவு என்றும், அது பிழையாக இருக்கும், வெற்றாக்கிவிட்டு நிரப்பட்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடதாசியைப் பாருங்கள். அவர் 4 பரப்பு என்று சொல்லியிருப்பார், உங்கள் நிரல் ஏக்கரில் இருக்கிறது. 16 பரப்பு ஓர் ஏக்கர். கால் ஏக்கர் காணிக்கு அந்த வருமானம் சரியாகவே இருக்கும். சந்தேகப்பட்டு அழித்திருந்தால் நல்ல பதில் ஒன்று போயிருக்கும்.

வீட்டு இலக்கம், பிரிவு, வருமானம் மூன்றையும் சேர்த்து இங்கே பதிய வேண்டாம். சிறிய ஊர்கள். இரண்டு விபரம் கிடைத்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

யூன் 20, இரவு 9.30

12 வீட்டுக்கும் போய்வந்ததற்கு என் மனமார்ந்த பாராட்டு, தம்பி. 7 வீடுகள் வகுப்பைச் சொல்லியிருக்கின்றன. 3 வீடுகளில் ஒரு வருடத்துக்கு மேலாக ஒன்றும் வருவதில்லை. 2 வீடுகள் படலையைத் திறக்கவில்லை.

அந்த மூன்று வீடுகளும் 5ஆம் தேதிய என் பேச்சைக் கேட்டிருந்தால் வசதியான வீடுகளாகியிருக்கும்.

அந்த 2 வீட்டை விட்டுவிடுங்கள். அவர்கள் சொல்லவில்லை என்பதே பதில். 10 வீடுகளின் பதிலை மற்ற 34க்கும் நிறையிட்டுக் கொண்டுபோக 10 சிறிய எண்தான். எவ்வளவு சிறியது என்று அறிக்கையில் எழுதுங்கள்.

யூன் 22, மாலை 4.45

இனி உணர்திறன் சோதனை. நிரப்பிய வெளிநாட்டுப் பணத்தை அப்படியே வைத்து ஒரு தரம், 0.7ஆல் பெருக்கி ஒரு தரம், 1.3ஆல் பெருக்கி ஒரு தரம், எல்லாக் கணிப்பையும் மறுபடி ஓட்டுங்கள். பிரிவுகளின் வறுமை வரிசை மூன்றிலும் ஒன்றாக இருந்தால் அந்த முடிவு வெற்றைத் தாங்கி நிற்கிறது. இரண்டு பிரிவுகள் இடம் மாறினால் அவற்றுக்கிடையே எது வறியது என்று உங்கள் தரவு சொல்லவில்லை, அப்படியே எழுதுங்கள். பரிசோதகர் பிடிக்கமாட்டார் என்று மறைக்க வேண்டாம். அந்த அட்டவணையை ஒரு பிரதேச செயலகத்தில் யாராவது எடுத்து வைத்துப் பணம் பங்கிடக்கூடும்.

யூன் 24, இரவு 8.20

முதல் நான்கு பிரிவுகளும் அசையவில்லை, ஐந்தாவதும் ஆறாவதும் 1.3இல் இடம் மாறின என்கிறீர்கள். அந்த இரண்டையும் ஒரே படியில் போடுங்கள்.

அடுத்த வருடம் இதே வினாக்கொத்தை எடுக்கப்போகும் மாணவருக்குக் கொடுக்கும்போது வெளிநாட்டுப் பணக் கேள்விக்கு ஒரு குறியீட்டைக் கூட்டுங்கள்: -6, முன்பு வந்தது, இப்போது வருவதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஓரத்தில் இரண்டு விரற்கடை இடம் விட்டு அச்சடியுங்கள், ஏன் வெற்று என்று அங்கேயே எழுத. திருமண நிலைக்கு ஆறாவது விடையை மறக்க வேண்டாம்.

117ஆம் வீட்டின் கடதாசிப் பக்கத்தைப் படமெடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். பரப்பா ஏக்கரா என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.